மாநகரக் குற்றக்கதையும் நம்பும் உள்ளமும்

துப்பறியும் நெடுங்கதையைத் தமிழ்ப் புலவருலகம் இலக்கிய வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. ஆயினும், தமிழில் ஒரு நெடுங்கதையைக் கையிலெடுத்து இறுதிப் பக்கம்வரை விடாது படித்த இன்பம் பலருக்கு முதன்முதலாக அதனாலேயே கிட்டியது என்பதை மறுத்தல் இயலாது. நெகிரி செம்பிலானில், சிரம்பானை அடுத்த ராசா போன்ற வட்டாரங்களின் தோட்டத்து மக்களும் இதற்கு விலக்கல்லர். சென்னையிலிருந்து கப்பலேறி வந்த கிழமை இதழ்களும், கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த மலிவுப் பதிப்புகளும் மலாயாத் தோட்டத்து லயங்களிற் புகுந்த காலத்தில், பால்மரக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தோர் அவற்றின் வழியே சென்னையின் சந்துகளையும் இலண்டனின் மூடுபனியையும் கண்டனர்.

அத்தகைய கதையைப் படித்து முடித்தோர் கூறும் தீர்ப்பு பெரும்பாலும் இரண்டு சொற்றொடருள் அடங்கிவிடும். ஒன்று, 'நம்பவே முடியவில்லை' என்பது. மற்றொன்று, 'அப்படியே நடந்தாற்போல் இருக்கிறது' என்பது. கற்றோர் இவற்றைப் பாமரர் பேச்சென்று தள்ளிவிடுவர். தள்ளுதல் தகாது. நம்பத் தக்கது எது, தகாதது எது என்று ஆராயப் புகுந்த அப்பொழுதே வாசகன் திறனாய்வின் முதற்படியில் கால் வைத்துவிட்டான். அப்படியிலிருந்து அவனை மேலேற்றுவது எவ்வாறு என்பதே ஆசிரியவுலகம் சிந்திக்க வேண்டுவதாகும்.

வாசகர் மூவகையினர்

குற்றக்கதையின் நம்பகத்தைப் பற்றிப் பேசும் வாசகர் மூவகைப்படுவர்.

முதல் வகையினர், செய்தித்தாளில் வந்ததோடு ஒத்திருந்தால் நம்புவர், ஒவ்வாவிடின் நம்பார். இரண்டாம் வகையினர், பொழுதுபோக்குக்காகப் படிக்கும் கதையில் மெய்ம்மையைத் தேடுதல் வேண்டாவென்பர். விறுவிறுப்பு குறையாதிருந்தால் அவர்க்குப் போதும். மூன்றாம் வகையினர், பெருநிகழ்ச்சியை விட்டுச் சிறு செய்திகளைப் பற்றிக்கொள்வர். கொலையை ஏற்பர், கொலைகாரன் ஏறிய தொடர்வண்டி அந்நேரத்தில் அவ்வூரில் நில்லாது என்பதை ஏற்கமாட்டார்.

இம்மூவருள் மூன்றாம் வகையினரைக் குற்றங்காண்போர் என்று பலர் நகைப்பர். உண்மையில் கதைக்கலையின் இயல்பை உணர்ந்தவர் அவரே. அதற்குக் காரணம் உண்டு.

நடந்ததும் நம்பத் தக்கதும்

முதல் வகையினரின் அளவுகோல் பழுதுடையது என்பதற்குச் சென்னையில் நிகழ்ந்த ஆளவந்தார் கொலை வழக்கே சான்று. 1952ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னையில் வணிகர் ஒருவர் காணாமற்போனார். தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற தொடர்வண்டியில் உரிமையாளரின்றிக் கிடந்த பெட்டியொன்று நாற்றமெடுக்கவே, மானாமதுரையில் அதனை இறக்கித் திறந்தனர். உள்ளே தலையற்ற உடல் இருந்தது. தலை, சென்னை இராயபுரம் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்டது. தலையையும் உடலையும் ஒருவருடையனவே என்று மருத்துவ அறிவியல் நிறுவியது. வழக்கில் ஒரு கணவனும் மனைவியும் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி அ. சு. பஞ்சாபகேச ஐயர் தாமும் கதை எழுதியவர் என்பது குறிப்பிடத் தக்கது. கணவனுக்கு 7 ஆண்டும், மனைவிக்கு 3 ஆண்டும் சிறை விதிக்கப்பட்டன.

இதனை ஓர் எழுத்தாளர் கற்பனையாக எழுதியிருந்தால் வாசகர் என்ன சொல்லியிருப்பர்? 'தலையைக் கடலுக்குக் கொண்டுபோனவன் உடலை ஏன் தொடர்வண்டியில் ஏற்றினான்? தலையை வெட்டிக் கொன்றவர்க்குத் தூக்கு இல்லையாமே!' என்று எள்ளியிருப்பர். நடந்ததோ மெய். வாழ்க்கைக்கு யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. கதைக்கு வாசகனின் ஒப்புதல் வேண்டும். நடக்கக் கூடியதாயினும் நம்ப வராததைவிட, நடவாததாயினும் நம்ப வருவதே கவிஞனுக்கு ஏற்றது என்னும் கருத்தை அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிப் போந்தார்.

ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்சு 1852, 1853ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'பிளீக் ஹவுஸ்' என்னும் நெடுங்கதையில் ஒருவன் தானே தீப்பற்றி எரிந்து சாம்பலாவான். இஃது இயற்கைக்கு ஒவ்வாதென்று லூயிசு என்னும் அறிஞர் கண்டித்தார். டிக்கன்சோ, இவ்வாறு நடந்ததற்கு முன்னாளைய சான்றுகள் உண்டென்று முன்னுரையில் வாதாடினார். சான்றுகளை அடுக்கியதால் கதை நம்பத் தக்கதாகிவிடவில்லை. 'நடந்தது' என்பது கதைக்குரிய விடையன்று.

நம்பிக்கை வாசகனின் பழக்கத்தையும் பொறுத்தது. கோனன் டாயில் 1892ஆம் ஆண்டு வெளியிட்ட புள்ளிப் பட்டைக் கதையில், நச்சுப் பாம்பொன்று மணிக்கயிற்றின் வழியே இறங்கிக் கடித்துவிட்டுச் சீழ்க்கையொலி கேட்டுத் திரும்பும்; பாலும் பருகும். மெல்லிய சீழ்க்கைக்குப் பாம்பு ஏவல் கேளாது, பாலை உணவாகக் கொள்ளாது என்று உயிரியல் அறிந்தோர் குறை கூறுவர். புற்றுக்குப் பால் வார்த்தும் மகுடிக்குப் பாம்பாடக் கண்டும் வளர்ந்த தமிழ் வாசகனுக்கு அக்கதையில் ஐயமே எழாது. ஒரே கதையை ஒருவர் ஐயுறவும் ஒருவர் நம்பவும் நேர்வதற்குக் காரணம் கதையில் இல்லை. படிப்போர் முன்னரே கொண்டிருந்த எண்ணங்களில் உள்ளது. இக்கருத்து பின்னரும் பயன்படும்.

பெரட்டுக் களமும் பெருநகரும்

குற்றக்கதை ஏன் மாநகரத்தையே நாடுகிறது? தோட்டத்து வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் விடை எளிதிற் கிடைக்கும்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். பெயர் அழைக்கப்படும், வாராதவர் யார் என்பது அனைவர்க்கும் அப்பொழுதே தெரிந்துவிடும். லயத்தின் ஒரு வீட்டில் எழும் பூசல் அடுத்த வீட்டில் கேளாமற் போகாது. இத்தகைய இடத்தில் ஒருவனைக் கொன்று மூன்று நாள் மறைத்துவைத்தான் என்று எழுதினால் சிறுவனும் நகைப்பான். மாநகரிலோ அடுத்த கதவுக்குப் பின்னே வாழ்பவர் பெயரும் தெரியாது. ஆளவந்தார் வழக்கில் பெட்டி தொடர்வண்டியில் ஏறியபோது அதனை ஐயுற்றுக் கேட்பாரில்லை. ஒருவரையொருவர் அறியாமையே குற்றக்கதைக்கு நிலைக்களன்.

தோட்டத்து வாசகன் சிறு செய்திகளில் காட்டும் கூர்மையும் இதனின்று விளங்கும். பட்டப்பகலில், உச்சிவெயிலில் பால்வெட்டிக்கொண்டிருந்தவளைக் கொலைகாரன் பின்னின்று தாக்கினான் என்று ஒரு கதை தொடங்குவதாகக் கொள்வோம். தோட்டத்தார் அவ்வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுவர். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாய் வடியும். வெயில் ஏறினால் ஒழுக்கு தளரும். உச்சிப் பொழுதில் மங்குகளிலிருந்து பால் எடுத்து முடித்து ஸ்டோருக்குக் கொண்டுபோயிருப்பர். கொலையை நம்ப மறுக்கவில்லை. வேலை நேரத்தைத்தான் மறுக்கின்றனர். ஆனால் அதிலேயே ஆசிரியர் அவ்விடத்தை அறியாதவர் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. தெரிந்த இடத்தில் தவறியவரைத் தெரியாத இடத்தில் எவ்வாறு நம்புவது?

தமிழில் தொடக்ககாலத் துப்பறியும் நெடுங்கதைகளின் குறையும் இஃதே. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் ரெயினால்ட்சு போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் கதைகளைத் தழுவி எழுதினர். பெயர்களும் உடைகளும் தமிழாயின; சுரங்கவழிகளும் மாறுவேடங்களும் இலண்டனிலிருந்தே வந்தன. ஆயினும் வடுவூராரின் கதைகளில் வீட்டுப் பேச்சும் மாமியார் மருமகள் பூசலும் வரும் பகுதிகள் இன்றும் உயிரோடிருக்கின்றன. அவை அவர் அறிந்தவை.

கதையை ஊர்மாற்றுதல் பின்னும் ஓயவில்லை. சுஜாதாவின் 'ப்ரியா' இலண்டனை நிலைக்களனாகக் கொண்ட நெடுங்கதை; 1978ஆம் ஆண்டு திரைப்படமானபோது அது சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டது. கதைப்பின்னல் ஊர்விட்டு ஊர் போகும். ஊரின் நுட்பங்கள் உடன் போகமாட்டா.

மதுரையின் வழக்கு

மாநகரக் குற்றக்கதை மேனாட்டார் தந்த புதுச்சரக்கு என்று எண்ணுதல் பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் ஒரு களவும், ஒரு பொய்க்குற்றச்சாட்டும், ஒரு கொலையும், ஒரு சான்றுப்பொருளும் கொண்டது. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். பழி சுமந்தவன் கோவலன். உண்மையை நிறுவியவை சிலம்பினுள் இருந்த மாணிக்கப் பரல்கள்.

இங்கு மாணவர் வழக்கமாக எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு. செங்கோல் வழுவாத பாண்டியன் ஆராயாது கொலைத்தண்டம் விதித்தான் என்பது நம்பத் தக்கதா? இளங்கோவடிகள் இவ்வையத்தை முன்னரே உணர்ந்து வழி செய்துள்ளார். அரசி ஊடி அகன்றாள். அவள் ஊடல் தீர்க்க மன்னன் விரைகின்றான். அந்நேரம் பார்த்துப் பொற்கொல்லன் எதிர்ப்படுகின்றான். அரசனின் குணம் மாறவில்லை, அவன் சிந்தை வேறிடத்தில் இருந்தது. அதுவே போதுமானது.

அதனினும் வியப்பூட்டுவது அடுத்த பகுதி. கொல்லச் சென்ற காவலர் கோவலனைக் கண்டு, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். மூன்றாம் வகை வாசகர் கேட்கும் கேள்வியை அவர்களே கேட்டுவிடுகின்றனர். அதற்குப் பொற்கொல்லன் களவு நூல் கூறும் எட்டுத் துணைகளை விரிக்கின்றான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்பன அவை. கள்வர் திறத்தைத் தொழிலறிவோடு அவன் எடுத்துரைக்க, கேட்டோர் மயங்குகின்றனர். முடிவில் வாளெறிந்தவன் கல்வியறிவில்லாத களிமகன் ஒருவன்.

பொற்கொல்லன் கூறிய கதை பொய். ஆனால் அது நம்பத் தக்க கதை. காலம் வாய்த்தது, சான்றுப்பொருள் கையிலிருந்தது, நுட்பச் செய்திகள் நிறைந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றஞ்சாட்டப்பட்டவன் ஊருக்குப் புதியவன். புகாரில் இவன் மாசாத்துவான் மகன். மதுரையில் யாரோ ஒருவன். புகாரில் எடுபடாத பொய் மதுரையில் எடுபட்டது. நம்பத் தக்கதெல்லாம் உண்மையன்று என்னும் பாடத்தை இதனினும் தெளிவாக உணர்த்தும் இடம் தமிழில் வேறில்லை.

மொழியும் நம்பகமும்

நம்பகத்தைப் பற்றிய பேச்சில் தமிழாசிரியர்க்கு உரிய கேள்வி ஒன்றுண்டு. குற்றக்கதையின் மாந்தர் எத்தமிழில் பேசுதல் வேண்டும்?

தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லால் தோக்கியோ சென்றாலும் பெர்லின் சென்றாலும் அங்குள்ளோர் அனைவரும் பிறமொழி கலவாத தமிழில் உரையாடுவர். அவர் தேநீர் பருகுவாரேயன்றி டீ குடிக்கமாட்டார். சுஜாதா 1968இல் 'நைலான் கயிறு' கதையில் அறிமுகப்படுத்திய வழக்கறிஞர் கணேஷோ, நகரத்துப் படித்த இளைஞர் பேசும் கலப்புத் தமிழே பேசுவார். பின்னதே இயல்பானது, முன்னது பொய்யென்று கூறுவோர் பலர்.

தொல்காப்பியர் நாடக வழக்கென்றும் உலகியல் வழக்கென்றும் பிரித்து, அவற்றின் கூட்டுறவிலே புலனெறி வழக்கம் அமையுமென்றார். அவர் அதனை அகப்பாடல் குறித்துச் சொன்னார். எனினும் அப்பாகுபாடு இங்கும் துணைசெய்யும். சங்கர்லாலின் உலகம் நாடக வழக்கின்பாற்பட்டது. அவ்வுலகில் எல்லாரும் அவ்வாறே பேசுவதால் வாசகன் இரண்டாம் பக்கத்திலேயே அதனை ஏற்று அமைந்துவிடுகின்றான். இடையில் ஒருவர் மட்டும் வேறுவகையாய்ப் பேசினால்தான் உறுத்தும். கணேஷின் உலகம் உலகியல் வழக்கைச் சார்ந்தது. அங்கே ஒரு சொல் பிசகினும் உறுத்தும். நம்பகம் என்பது தூய தமிழிலோ கலப்புத் தமிழிலோ இல்லை; தொடங்கிய வழக்கை இறுதிவரை காத்தலில் உள்ளது. தமிழ் படிக்கும் சிறுவன் சங்கர்லால் கதையில் 'தேநீர்' என்னும் சொல்லைக் கற்றுக்கொண்டான் என்றால் அது சிறுபயனன்று என்பதையும் ஆசிரியர் மறத்தலாகாது.

தோட்டத்துப் பிள்ளையும் நகரத்துக் கள்வனும்

இதுவரை கூறியன கதைக்கலை பற்றியவை. மலேசியத் தமிழ் வாசகனுக்கு இதில் வேறொரு பொருளும் அடங்கியுள்ளது.

1950களிலும் 1960களிலும் ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் ஆளுக்குத் திங்கள்தோறும் 10 வெள்ளி செலுத்திப் பங்காளராகும் வகையில் 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அதனைத் தடுக்கும் முயற்சியே. அடுத்து வந்த ஆண்டுகளில் இரப்பர் செம்பனைக்கு இடம் தந்தது. நகரையொட்டிய தோட்ட நிலங்களில் வீடமைப்புகள் எழுந்தன. சிரம்பான், ராசா வட்டாரமும் அம்மாற்றத்தைக் கண்டது. பெரட்டுக் களத்தில் பெயர்சொல்லி அழைக்கப்பட்ட குடும்பங்கள் நகரத்தில் யாரோ சிலராயின. கோலாலம்பூர் ராசாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆனால் அறிந்தவர் நடுவே வாழ்வதற்கும் அறியாதவர் நடுவே வாழ்வதற்கும் இடையிலுள்ள தொலைவு அதனினும் பெரிது.

குற்றக்கதையும் உடன் சென்றது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த 'கபாலி' திரைப்படத்தில், தோட்டத் தொழிலாளர் ஊதியத்துக்காகப் போராடிய ஒருவன் கோலாலம்பூர்க் குழுத் தலைவனாகின்றான். தோட்டப் பகுதியை மலேசியத் தமிழர் மனமார ஏற்பதற்குக் காரணம் வெளிப்படை. நகரத்துத் துப்பாக்கிப் போரையோ அவ்வளவு எளிதில் ஏற்க இயலாது. துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடுந்தண்டனை வகுத்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாழும் நாட்டில், காவலர் தலைகாட்டாமல் தெருவெங்கும் குண்டு முழங்குவதென்பது மூன்றாம் வகை வாசகனின் முன் நில்லாது. மலேசியாவில் திரையிட்ட படியின் இறுதியில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் எழுத்துகள் சேர்க்கப்பட்டன. கதையின் நம்பகம் வேறு, தணிக்கையாளர் வேண்டும் முடிவு வேறு என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு.

இதற்கு ஓராண்டு முன்னர், 2015இல், சஞ்சய் பெருமாள் இயக்கத்தில் மலேசியாவிலேயே உருவான 'ஜகாட்' வெளிவந்தது. 1990களின் தொடக்கத்தில், தோட்டம் விட்டுப் பெயர்ந்த மக்களிடையே வளரும் அப்போய் என்னும் சிறுவன், வீட்டின் கண்டிப்புக்கும் பள்ளியின் கடுமைக்கும் குழுவாழ்க்கையின் கவர்ச்சிக்கும் நடுவே சிக்குகின்றான். 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாக அது தேர்வு பெற்றது. அதன் நம்பகம் பேச்சிலும் வீட்டிலும் வகுப்பறையிலும் உள்ளது. குற்றம் அங்கே திடுமென வெடிப்பதில்லை. சிறுகச் சிறுக ஊறுகின்றது.

இங்கேதான் வாசகன் விழிப்பாயிருத்தல் வேண்டும். மாநகரக் கதையில் கள்வன் தேவைப்பட்டவுடன் தோட்டத்துப் பிள்ளை நிறுத்தப்பட்டால், அதனை 'அப்படியே நடந்தாற்போல் இருக்கிறது' என்று ஏற்கும் உள்ளம் எதனை நம்புகிறது? கதையையா, தான் முன்னரே கொண்ட எண்ணத்தையா? 1912இல் தொடங்கிய பூ மாஞ்சு கதைகளைப் படித்த ஆங்கிலேயர், சீனனென்றால் சூழ்ச்சிக்காரன் என்று நம்புவதில் இடர்ப்படவில்லை. இவ்வழக்கம் அத்துணை மலிந்தமையால், 1929ஆம் ஆண்டு துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்த ரொனால்டு நாக்சு, கதையில் சீனன் வருதல் கூடாதென்பதையும் ஒரு விதியாக்கினார். சோம்பேறி எழுத்தாளர் எளிதில் நம்பவைக்கும் வழியை அடைப்பதே அவர் கருத்தென்பர். தமிழ்க் குழுத் தலைவனுக்குச் சீனப் பகைவனை எதிர்நிறுத்தும் 'கபாலி'யும் இக்கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். பிறர் தம்மை அவ்வாறு வரைதல் தவறென்போர், தாம் பிறரை வரைவதையும் அதே கோல்கொண்டு அளத்தல் முறை.

கோவலன் கள்வன் என்பதை மதுரை நம்பியது. நம்புவதற்கு எளிதாயிருந்தது, ஆதலின் நம்பியது.

ஆசிரியர் செய்யத் தக்கது

மாணவர் குற்றக்கதை படிப்பதைத் தடுத்தல் இயலாது, தடுத்தலால் பயனுமில்லை. படித்ததைப் பற்றி வினவுதல் இயலும். 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நாளிதழ், சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோரைக் கொண்டு கதை வகுப்பு நடத்தி எழுதுவோரைப் பயிற்றியது. அந்நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. ஆனால் அம்முறை நிற்க வேண்டியதில்லை. எழுதுவோர்க்கு வகுப்பு வேண்டியதுபோலப் படிப்போர்க்கும் வகுப்பு வேண்டும். அதற்கு ஒரு பள்ளியறையும் மாணவர் படித்த ஒரு கதையுமே போதும்.

அவ்வகுப்பில் மூன்று வினாக்கள் கேட்கலாம். இக்கதையில் நம்ப முடியாத இடம் எது? அங்கே பிழைத்தது நிகழ்ச்சியா, இடமா, காலமா, பேச்சா? நம்ப முடிந்த இடங்களுள் எவற்றை ஆராயாமலே நம்பினாய்?

முதலிரண்டு வினாக்களுக்கு மாணவர் எளிதில் விடை கூறுவர். உச்சிவெயிலில் பால்வெட்டும் கதையை எள்ளி நகையாடும் கூர்மை அவர்களின் குடும்பச் சொத்து. மூன்றாம் வினாவே அரிது. ஐயத்தைக் கதையின்மேல் செலுத்தக் கற்றவன் நல்ல வாசகனாவான். அதே ஐயத்தைத் தன் நம்பிக்கையின்மேலும் செலுத்தக் கற்றவன், பொற்கொல்லர் நிறைந்த மாநகரில் காவலர்க்குக் கிட்டாத தெளிவைப் பெறுவான். மலிவு விலைக் கதையொன்று அத்தெளிவுக்கு வழிகோலுமாயின், அதனைப் பாடமேசைமீது வைப்பதில் இழுக்கில்லை.